ஒரே நாளில் குடும்பிகலையும் உகந்தையும்: நடந்து போய் வர முடியுமா?

கல்லடிப்பாலம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் வேலை பார்க்கிற ஐந்து பேர் நாங்கள், மூன்று பெடியன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். ஒரு ஞாயிறு முழுதும் நடந்து திரிய வேண்டும் என்று நிற்கிறோம், கடற்கரை பார்த்து அலுத்துவிட்டது. ஓமான், ஜோர்தான் பக்கம் காய்ந்த மலைகளில் பாழடைந்த ஊர்களையும் குகைகளையும் பார்த்துக்கொண்டு நடந்து, இருட்டுவதற்குள் இறங்கி வருகிறார்களே, அந்த வீடியோக்கள்தான் இப்போது எங்கள் வட்ஸ்அப் குழு முழுக்க. அந்த மாதிரி நமக்குக் கிட்டே என்ன இருக்கிறது என்று தேடினால் பாணமை தாண்டிக் குடும்பிகலை என்று வருகிறது. மொட்டைப் பாறை, பழைய பௌத்த குகைகள், சுற்றிலும் முட்காடு, யானை, மயில், அதைத் தாண்டினால் உகந்தை முருகன். ஆடிக் கச்சான் காற்று அடிக்கிற நேரம் அந்தப் பக்கம் போனால் பாலைவனம் பார்க்கத் தனியாக விசா தேவையில்லை என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்லிச் சிரித்தார்.

என் திட்டம் இதுதான். வேனைப் பாணமையில் விடுவது, அங்கிருந்து உகந்தை மட்டும் நடப்பது, இடையில் குடும்பிகலை ஏறி இறங்குவது, கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பின்னேரம் நடந்தே திரும்புவது. ஒரு பக்கம் 16 கிலோமீற்றர் அளவில் என்கிறார்கள். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் நடக்கிற பாதைதானே, நாங்கள் நடந்தால் என்ன? தண்ணீர் வழியில் கிடைக்குமா, யாரிடமாவது அனுமதி எடுக்க வேண்டுமா, யானைக்கு உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பொத்துவில்_ஜீப்காரன்:

தம்பி, நேராகவே சொல்கிறேன், கோவிக்க வேண்டாம். பாணமை உகந்தை ரோட்டில் நடக்காதீர்கள். போகும்போதும் வேண்டாம், வரும்போது அறவே வேண்டாம். நான் அந்த ரோட்டில் ஜீப் ஓட்டித்தான் பிழைக்கிறேன், அதனால் ஹயர் பிடிக்கச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினையுங்கள். உங்கள் சொந்த வேனிலேயே போங்கள், எனக்கு ஒரு சதமும் வேண்டாம், ஆனால் வாகனத்துக்குள் இருங்கள்.

அந்த ரோட்டை மேப்பில் பார்த்தால் நேர்க்கோடு மாதிரி இருக்கும். ஒரு பக்கம் கடலும் களப்பும், மறுபக்கம் காடு. யானைக்குத் தண்ணீர் ஒரு பக்கம், தீன் மறுபக்கம். அப்படியென்றால் அது நாளுக்கு இரண்டு தரமாவது ரோட்டைக் கடக்கத்தான் வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன்னும், பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகும்தான் அது நடமாடும். நீங்கள் நடக்க ஆசைப்படுவதும் அதே குளிர்ச்சியான நேரத்தில்தான். கூட்டமாக வருகிறதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை, தூரத்திலேயே கிளை முறிக்கிற சத்தம் கேட்கும். தனியாகத் திரிகிற ஆண் யானை, அலியன்தான் ஆள். முடக்கில் வீரை மரத்தோடு மரமாகச் சத்தமில்லாமல் நிற்கும். போன கிழமையும் ஒன்று அப்படித்தான் நின்றது. முதலில் எனக்குத் தெரிந்தது காது மட்டும்தான், இலைக்குள் சாம்பல் நிறத்தில் ஒன்று முன்னும் பின்னும் ஆடுகிறது. நான் பிரேக் போட்டதும் அந்தக் காது ஆட்டம் நின்றுவிட்டது. காது ஆடும்வரை அதற்கு நம்மைப் பற்றி அக்கறையில்லை. ஆட்டம் நின்று, தலை உயர்ந்து, தும்பிக்கை நுனி நம் பக்கம் திரும்பினால் அது நம்மை மணந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ரிவர்ஸில் மெல்ல மெல்ல எடுத்தேன், ஹோர்ன் அடிக்கவில்லை. எனக்கு ரிவர்ஸ் கியர் இருந்தது. உங்களுக்கு?

குடும்பிகலைக்கு ரோட்டிலிருந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும், உகந்தைக்கு முன்னாலேயே வரும். பாறையடி வரை வாகனம் போகும். அங்கே இறங்கி ஆசை தீர நடவுங்கள், யார் வேண்டாம் என்றது. உகந்தையிலும் அப்படித்தான், கோயில் மலை, கடற்கரை மணல்மேடு எல்லாம் நடக்கலாம். அதற்கு அங்கால் குமண தேசியப் பூங்கா. கேற்றில் வனஜீவராசிகள் திணைக்களத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும், உள்ளே வாகனத்தை விட்டு இறங்கவே கூடாது. குடும்பிகலைக்கு அப்படி ஒரு டிக்கெட்டும் இல்லை.

தம்பிலுவில்_மாமா:

ஜீப்காரத் தம்பி சொல்வது சரி, ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதற்கும் ஒரு பதில் இருக்கிறது. பாதயாத்திரைக்காரர் நடக்கிறார்களே என்று கேட்டீர்கள். நடக்கிறோம்தான். ஆனால் எப்படி நடக்கிறோம் என்று பாருங்கள். ஐந்து பேராக இல்லை, நூற்றுக்கணக்கில் போகிறோம். அரோகரா போட்டுக்கொண்டு, மணி அடித்துக்கொண்டு, வேல் முன்னால் போக, சின்னப் பிள்ளைகளையும் வயது போனவர்களையும் நடுவில் விட்டுப் போகிறோம். விடியப் புறப்பட்டு வெயில் ஏறினால் மர நிழலில் ஒதுங்கிவிடுவோம். அந்த இரைச்சலுக்கே யானை விலகிப் போய்விடும். அதுவும் கதிர்காமத்து ஆடித் திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் உகந்தையில் காட்டுப் பாதை திறப்பார்கள். குமணக்குள் நடந்து போக அந்த நாட்களில் மட்டும்தான் விடுவார்கள், அப்போது படை, பொலிஸ், தண்ணீர் பவுசர் எல்லாம் நிற்கும். உகந்தையிலிருந்து வாகூரவட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கிக் கதிர்காமம் சேர நாலைந்து நாளாவது வேண்டும். உங்கள் ஒரு நாள் பயணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உங்களுக்குத் திருவிழா நேரம் தோதில்லை என்றே நினைக்கிறேன். சாமி கும்பிடத்தான் என்றால் அதைப் போல வராது. பாறை பார்க்க, காடு பார்க்க என்றால் சனம் இல்லாத ஒரு ஞாயிறாகப் பாருங்கள்.

உகந்தையில் நேரே முருகன் சந்நிதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். மேலே வள்ளியம்மன் இருக்கிற பாறைக்கு ஏறுங்கள், உயரம் ஒன்றும் பெரிதில்லை. முருகன் கல்லோடத்தில் வந்து கரை இறங்கிய இடம் இது என்பது நம் நம்பிக்கை. பாறை முழுக்கச் சுனைகள். கச்சான் காலத்தில் மற்ற இடமெல்லாம் வெடித்துக் கிடக்க, சில சுனைகளில் தண்ணீர் நிற்கும். குனிந்து பாருங்கள், விரல் நகத்தளவு தவளைக்குஞ்சுகள் பாசியைக் கொறித்துக்கொண்டு திரியும், மேலே சிவப்புத் தும்பி ஒன்று ஒரே இடத்தில் வந்து வந்து குந்தும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போடுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

வெயில்பிரியன்88:

எல்லோரும் சும்மா பயம் காட்டுகிறீர்கள். நாங்கள் பாணமையிலிருந்து மூன்று பேர் பின்னேரம் ஐந்து மணிக்கு நடந்தே போனோம், ஒரு யானையும் வரவில்லை, முயலும் மயிலும்தான் கண்டோம். எல்லாம் அவரவர் தலைவிதி.

பொத்துவில்_ஜீப்காரன்:

நீங்கள் யானையைக் காணவில்லை. யானை உங்களைக் கண்டதா இல்லையா என்பது வேறு கதை.

தம்பிலுவில்_மாமா:

👆 இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

உகனை_ரீச்சர்:

எல்லோரும் கரைப்பக்கத்தையே பேசுகிறீர்கள். பாழடைந்த இடம், மலை ஏற்றம், காடு, மூன்றும் ஒன்றாக வேண்டும், நடக்கவும் வேண்டும் என்றால் நான் ராஜகலையைத்தான் சொல்வேன். அம்பாறையிலிருந்து வடக்கே உகனை தாண்டிப் போக வேண்டும், 26 கிலோமீற்றர் அளவில். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை இறங்குவதோடு பார்த்தால் இது உங்களுக்குக் கிட்ட.

ஆயிரம் அடிக்குச் சற்று மேலான மலை அது. பாதை மரத்தடியால் போகிறது, வெயில் நேரே தலையில் அடிக்காது, முழங்கால் நோக்காடு உள்ளவர்களும் ஆறுதலாக ஏறலாம். குடும்பிகலையில் பார்க்கக் குகைகள்தான் அதிகம், இங்கே ஒரு முழு மடாலய ஊரே காட்டுக்குள் கிடக்கிறது. தாதுகோபங்கள் என்கிற பௌத்த தூபிகள், தூண் வரிசைகள், குளம், சோற்று மண்டபம், வேலை முடியாமல் படுத்தபடி கிடக்கிற ஒரு புத்தர் சிலை, கல்லில் குடைந்த பிரமாண்டமான பிச்சைப் பாத்திரம் ஒன்று. பாத்திரத்துக்குள் நான்கு பிள்ளைகளை இறக்கிவிடலாம். ஊரார் இதைத் துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸ மன்னனோடு சேர்த்துச் சொல்வார்கள். தீகவாபித் தாதுகோபத்துக்கும் அவருடைய பெயர்தான் வரும்.

நான் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் நின்று காட்டுவது ஒரு பிராமிக் கல்வெட்டு. பௌத்தத்தை இங்கே கொண்டுவந்த மகிந்த தேரரும் அவரோடு வந்த இட்டிய தேரரும் இந்தத் தீவுக்கு வந்ததையும், அவர்களுக்காக எழுப்பிய தாதுகோபம் இது என்பதையும் சொல்கிறது. தொல்லியலாளர் பரணவிதான வாசித்துப் பதிப்பித்த கல்வெட்டுகளில் ஒன்று. மகிந்தரின் வருகையைப் பாளி நூல்கள் நீட்டி முழக்கிச் சொல்கின்றன, ஆனால் கல்லில் அந்தப் பெயரைப் பார்க்க, அவர் வந்திறங்கியதாகச் சொல்கிற மிகிந்தலைக்கு ஓடாமல் நம் அம்பாறைக் காட்டுக்குள் வர வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது. சரித்திரம் படிப்பிக்கிறவளுக்கு இது ஒரு பைத்தியம், மன்னிக்கவும்.

இங்கேயும் யானை உண்டு, அம்பாறையில் யானை இல்லாத இடம் எது? காலையில் ஏறி மத்தியானத்துக்கு முன் இறங்கிவிடுங்கள். நேரம் மிஞ்சினால் பின்னேரம் இங்கினியாகலைக்குப் போய்ச் சேனநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய குளத்தில் படகு எடுக்கலாம், யானை ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு நீந்திப் போவதை அதிர்ஷ்டம் இருந்தால் காண்பீர்கள்.

கல்லடிப்பாலம்:

ரீச்சர், ஜீப்காரக் காக்கா, மாமா, எல்லோருக்கும் நன்றி. நடைத் திட்டத்தைக் கைவிட்டாயிற்று, வேனோடுதான். ராஜகலையை அடுத்த தரத்துக்கு எடுத்து வைக்கிறேன் ரீச்சர், கடல் தெரிகிற பாறை வேண்டும் என்று பெண்பிள்ளைகள் இருவரும் பிடிவாதம். அதில் ஒருத்தியின் அம்மா, பிக்குமார் இருக்கிற இடத்துக்குப் பெண்கள் போகலாமா என்று கேட்கிறார். அப்புறம் அந்தப் பாறை ஏற்றம் எப்படி, பிடிக்க ஏதாவது இருக்கிறதா? தண்ணீரைப் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லை.

அக்கரைப்பற்று_ஆயிஷா:

போகலாம் தம்பி, நான் குடும்பத்தோடு போயிருக்கிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தோளும் முழங்காலும் மறைகிற உடுப்பாக இருக்கட்டும். அது சுற்றுலா இடம் மாதிரித் தெரிந்தாலும் இப்போதும் பிக்குமார் தியானம் செய்கிற இடம். சில குகைகளுக்கு முன்னால் சீவர உடை காயும், அந்தப் பக்கம் போகாமல் விலகிப் போய்விடுங்கள். ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிற கூட்டாளி யாராவது இருந்தால் வீட்டில் விட்டு வாருங்கள்.

ஏற்றம் இரண்டு பகுதி என்று வையுங்கள். முதல் பகுதி காட்டுக்குள்ளால், பெரிய பெரிய பாறைகளுக்கு இடையில், நல்ல நிழல். 200க்கு மேல் குகைகள் என்கிறார்கள், எல்லாவற்றையும் தேடிப் போகத் தேவையில்லை, வழியில் இருக்கிறதே போதும். குகை வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். பாறையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள், மழைத் தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல் அந்த விளிம்போடு சொட்டி விழும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய வேலை. எங்கள் வீட்டுச் சிலாப் போட்ட மேசனுக்கு இதைக் காட்டியிருக்க வேண்டும் என்று என் மாப்பிள்ளை சொன்னார், எங்கள் வீடு ஒவ்வொரு மாரிக்கும் ஒழுகும்.

இரண்டாம் பகுதிதான் மொட்டைப் பாறை. பெலும்கல என்று சொல்வார்கள். பாறையிலேயே சின்னச் சின்னப் படி கொத்தியிருக்கும், அரைப் பாதம்தான் வைக்க இடம். ஏறுவது சுகம், இறங்கும்போதுதான் கால் கூசும், பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள். கச்சான் மேலே ஆளைத் தள்ளுகிற மாதிரி அடிக்கும், தொப்பியைக் கட்டிப் போடுங்கள், சேலை கட்டாதீர்கள். உச்சியில் ஒரு தாதுகோபம், வழக்கமான மணி வடிவம் இல்லை, உருளையாக எழும்பி நிற்கும், இலங்கையில் வேறெங்கும் இப்படி இல்லை என்பார்கள். அங்கிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண் எட்டும் வரை காடு, நடுவில் யானை முதுகு மாதிரிப் பாறைகள்.

தாதுகோபத்துக்குக் கிட்டே செருப்பைக் கழற்ற வேண்டும். பத்து மணிக்குப் பிறகு அந்தப் பாறை எப்படிச் சுடும் தெரியுமா? தடித்த காலுறை ஒன்றைக் கட்டாயம் பையில் வையுங்கள். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பெடியன் வெறுங்காலோடு ஒரு நிழலிலிருந்து மற்ற நிழலுக்குப் பாய்ந்து பாய்ந்து போனான், பாவம், எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உச்சியில் நிழலே இல்லை, தாதுகோபத்தின் நிழல் மட்டும்தான், அதிலும் முன்னுக்கு வந்தவர்கள் குந்தியிருப்பார்கள்.

தண்ணீர் வழியில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஆளுக்கு மூன்று லீற்றராவது வேனில் வையுங்கள், ஏறும்போது அதில் பாதியைக் கையில் கொண்டு போங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள், ஜீவனி, இரண்டு பைக்கற் போடுங்கள், கச்சான் காற்று வேர்வையைக் காய வைத்துவிடும், வேர்த்ததே தெரியாது, பிறகு தலையிடி வந்தால்தான் தெரியும். பழக்கடையில் வத்தகப்பழம் வாங்கிக்கொண்டு வேனில் போடாதீர்கள்! பழ வாசத்துக்கு யானை வாகனத்தண்டை வரும், குரங்கு யன்னலால் உள்ளேயே வரும். வாழைப்பழமும் அப்படித்தான். சோற்றுப் பார்சலைப் பாணமையிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

பொத்துவில்_ஜீப்காரன்:

ஆயிஷா தங்கச்சி பழத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ரோட்டோரம் நிற்கிற யானைக்குப் பழம் எறிந்து பழக்கிவிட்டவர்களால்தான் இப்போது சில யானைகள் வாகனத்தைக் கண்டால் விலகாமல் முன்னுக்கு வருகின்றன. ஒருவர் படத்துக்காக எறிவார், அடுத்து வருகிறவர் கண்ணாடியை இழப்பார்.

நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் விடியற்காலை மூன்று மணிக்கு எடுங்கள். பொத்துவிலுக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல், அதற்கு மேல் அறுகம்குடா, பாணமை. அறுகம்குடா பாணமை இடையிலும் யானை குறுக்கே வரும், தார் ரோட்டுத்தானே என்று அமத்தி ஓட வேண்டாம். பாணமையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நன்றாக வெளிக்கும் வரை நில்லுங்கள். பிறகு கிரவல், வேன் ஆறுதலாகப் போகும். குடும்பிகலையை ஒன்பதரைக்கு முன் ஏறி இறங்கி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு உகந்தை, மத்தியான வெயிலுக்குக் கோயில் மர நிழல். பின்னேரம் மூன்றரைக்கு உகந்தையை விட்டு வெளிக்கிட்டால் நல்ல வெளிச்சத்திலேயே பாணமை.

சித்திரையிலிருந்து ஆடி வரை குமண வில்லு என்கிற நீர்நிலையில் பறவைகள் கூடு கட்டும் காலம். கேற் வரை வந்துவிட்டுத் திரும்புவது கவலைதான், ஆனால் ஒரே நாளில் மூன்றையும் சேர்த்தால் ஒன்றும் ஒழுங்காகப் பார்க்க மாட்டீர்கள். அதற்கு வேறொரு நாள் வாருங்கள். 1985 முதல் 2003 வரை பூட்டிக் கிடந்த காடு, இன்னும் கொஞ்ச நாள் உங்களுக்காகக் காத்திருக்கும்.

உகந்தைப் பக்கம் போன் சிக்னலை நம்ப வேண்டாம். கால் பிசகினாலோ பாம்பு கடித்தாலோ கடிபட்ட இடத்தைக் கட்டி இறுக்கி வெட்டுகிற வேலை எல்லாம் வேண்டாம், ஆளை அசைக்காமல் வாகனத்தில் ஏற்றிப் பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்கு விடுங்கள். சிக்னல் கிடைத்ததும் 1990, அம்புலன்ஸ் நம்பர், அதற்கு அடியுங்கள்.

வெயில்பிரியன்88:

கரடி வருமா காக்கா? (உண்மையாகத்தான் கேட்கிறேன்.)

பொத்துவில்_ஜீப்காரன்:

பாலைப்பழ காலம் வரும். வைகாசி, ஆனியில் மரத்தடியில் பழம் கொட்டிக் கிடக்கும், அதற்குத்தான் வரும். மரத்துக்கு மேலேயும் பார்க்க வேண்டும், ஏறி இருந்து தின்னும். யானையாவது யோசித்துத்தான் வரும், கரடி திடீரென்று ஆளைக் கண்டால் பயத்திலேயே பாய்ந்துவிடும். குகையடியில் சத்தமில்லாமல் போகச் சொன்னார்கள்தானே, அது பிக்குமார் இருக்கிற குகைக்கு. ஆள் புழங்காத குகைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

தம்பிலுவில்_மாமா:

பாணமையில் தேத்தண்ணி குடிக்கும்போது கடைக்காரரோடு இரண்டு கதை கதையுங்கள் பிள்ளைகள். தமிழும் சிங்களமும் கலந்த ஊர், பத்தினி கோயிலும் கொம்பு விளையாட்டும் இன்னும் விடாமல் நடக்கிற ஊர். நேற்று எந்தப் பக்கம் யானை நின்றது என்று கூகிளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்.

கல்லடிப்பாலம்:

சரி, முடிவாயிற்று. திருவிழா முடிந்து சனம் குறைந்த பிறகு வருகிற ஞாயிறு, மூன்று மணிக்குக் கல்லடியில் வேன். காலுறை, ஜீவனி, தண்ணீர்க் கான் எல்லாம் பட்டியலில் போட்டாயிற்று, வத்தகப்பழத்தைப் பட்டியலிலிருந்து வெட்டியாயிற்று. அம்மாவுக்கு ஆயிஷா அக்காவின் பதிலை வாசித்துக் காட்டினோம், சரி என்றார், ஆனால் மூன்று மணிக்கு வேன் வரும்போது தானும் ஏறுவதாகச் சொல்கிறார். பெலும்கலவுக்கு ஏறாமல் கீழே இருக்க நிழலான இடம் உண்டா அக்கா?

அக்கரைப்பற்று_ஆயிஷா:

உண்டு, முதல் குகைகளுக்குக் கிட்டே நல்ல நிழல். தனியாக மட்டும் விட்டுவிட்டு ஏறாதீர்கள், ஒருவர் கூட இருங்கள். என் மாமியும் கீழே இருக்கிறேன் என்றுதான் வந்தார், கடைசியில் எனக்கு முன்னால் உச்சியில் நின்றார்.